வாத்துக்குக் கீழே ஓர் அரை வட்டம்

நீங்கள் இந்த வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் உங்களில் ஒருவர் தொலைபேசியில் என்னைப் பிடித்து, அண்ணை, பாரம் தூக்குவதில் எது கஷ்டம், சிலையா கல்வெட்டா என்று கேட்டார். எடை கூடினது எதுவோ அதுதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு பிளேஸ்டோவில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் பதில் சரியில்லை என்று பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லண்டனில் ஒரு பெரிய மியூசியத்தில் பாரமான பொருட்களை நகர்த்தும் குழுவில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அதற்கு முன்பு சவுத்தாலில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் அரிசி மூட்டைகளை அடுக்கினேன். மூட்டைக்கு எடை மட்டும்தான் உண்டு. எந்த மூட்டை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் மியூசியத்துக்குள் காலடி வைத்தேன்.

முதல் வாரத்தில் ஒரு கறுத்தக் கல்தலையை மேசையிலிருந்து பெட்டிக்கு மாற்றச் சொன்னார்கள். எத்தனை கிலோ என்று கேட்டேன். எங்கள் குழுத் தலைவர் எடையைச் சொன்னார். சொல்லிவிட்டு, யாருடைய தலை என்று திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியாது. அவர் கிழக்கு லண்டன்காரர். தகப்பனும் பாட்டனும் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கியவர்கள். அதிகம் கதைக்காத மனிதர். கையுறையைக் கழற்றிவைத்துவிட்டு அந்தப் பெட்டியின்மேல் இரு என்றார். தானே மேல்மாடிக்குப் போய் எகிப்துப் பகுதிக்குப் பொறுப்பான டொக்டரை அழைத்து வந்தார்.

டொக்டர் என்றால் மருத்துவர் அல்ல, எகிப்தியக் கல்வெட்டுகளில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். அவரைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். எங்களைப் போன்ற முகம். அவரும் என் சட்டையில் குத்தியிருந்த பெயரை வாசித்தார்.

"நீங்க தமிழா? யாழ்ப்பாணமா?"

"ஓம் டொக்டர். மன்னார்."

"நான் ஈப்போ. மலேசியா. படிக்க வந்தேன், அப்படியே இங்கேயே தங்கிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் அந்தத் தலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். செனுஸ்ரெட் என்ற பெயரில் வந்த மூன்றாவது அரசர். ஏறத்தாழ மூவாயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு முன்பு நைல் நதிக்கரையில் எகிப்தின் தெற்கு எல்லையை மேலும் தெற்கே தள்ளி, அங்கே வரிசையாகக் கோட்டைகள் கட்டியவர். எல்லையில் ஒரு கல்லை நட்டு, இந்த எல்லையைக் காப்பவன்தான் என் பிள்ளை, இதை விட்டுக்கொடுப்பவன் எனக்குப் பிறந்தவனே அல்ல என்ற பொருள்பட எழுதிவைத்தவர். மற்ற அரசர்களின் சிலைகளெல்லாம் வயதே ஏறாத முகத்தோடு இருக்கும். இந்த முகத்தில் கண்களுக்குக் கீழே பை தொங்கியது. வாயின் இரு ஓரமும் சரிந்திருந்தது. காதுகள் முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரியவை.

"எல்லாத்தையும் கேக்கிற ராஜாங்கிறதுக்காக அப்படிச் செஞ்சாங்கன்னு சிலர் சொல்றாங்க," என்றார் டொக்டர். "எனக்கு என்னமோ களைச்சுப்போன மனுசனாத்தான் தெரியுது."

பிறகு நானும் இன்னொருவருமாக அந்தத் தலையைத் தூக்கினோம். கல் குளிர்ந்திருந்தது. தலைவர் சொன்ன அதே எடைதான். ஆனால் என் கைகள் அதற்குள் வேறு மாதிரி ஆகிவிட்டன. ஒரு நாட்டின் எல்லை முழுவதையும் நினைத்து நித்திரை கெட்டவர் ஒருவரின் கன்னம் என் விரலுக்கு அடியில் இருந்தது. 

அன்றிலிருந்து இதுவே எங்கள் வழக்கம். எந்த அரசரைத் தூக்குவதாக இருந்தாலும் டொக்டர் இறங்கி வந்து, தேநீர் குடிக்கும் நேரத்தில் அவர் கதையைச் சொல்வார். ஆறு வயதில் அரசரான பெப்பியின் கதையை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டிருக்கிறோம். தெற்கே போன அதிகாரி ஒருவர், நடனமாடும் குள்ள மனிதர் ஒருவரைக் கூட்டிவருவதாக அறிவித்தாராம். சிறுவன் பெப்பி தாங்கமுடியாத ஆசையோடு ஒரு கடிதம் எழுதுவித்தான். படகில் அவரைச் சுற்றி நம்பிக்கையான ஆட்களை நிறுத்து, தண்ணீரில் விழுந்துவிடப் போகிறார், இரவில் பத்துத் தடவை எழும்பிப் பார் என்று. அந்த அதிகாரி இறக்கும்வரை அந்தக் கடிதத்தைத் தன் வாழ்வின் பெருமையாக வைத்திருந்து, கல்லறைச் சுவரில் எழுத்துக்கு எழுத்து வெட்டுவித்தார். அந்தப் பிள்ளையோ கிழவராகி, எண்ணமுடியாத காலம் ஆண்டார். அவருக்குப் பின் நாடே சிதறியது. எங்கள் தலைவர் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பையனை நான் வேலைக்கு எடுப்பேன் என்பார். பத்துத் தடவை பார் என்று சொன்னானே, அதற்காக.

அவருடைய இன்னொரு சட்டத்தையும் சொல்லவேண்டும். பாரம் அந்தரத்தில் இருக்கும்போது குழுவில் யார் 'நிறுத்து' என்றாலும் எல்லாக் கையும் நிற்கவேண்டும். பாரம் நிலத்துக்கு வரும்வரை ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டவர் அறையை விட்டு வெளியே போகவேண்டும், அவர் மேலதிகாரியாக இருந்தாலும்.

நான் சொல்ல வந்த காரியம் நடந்தது இரண்டாயிரத்து மூன்றிலோ நான்கிலோ. எகிப்து அறை ஒன்றைப் புதுப்பித்துத் திறக்க இருந்தார்கள். அதற்குச் சிவப்புக் கருங்கல்லில் வெட்டிய ஒரு கோயில் வாசற்கல் போகவேண்டும். ஆள் உயரம், ஆயிரம் கிலோவுக்கு, அதாவது ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் முகத்தில் மேலிருந்து கீழாக எழுத்து வரிசை. நடுவில் அரசரின் பெயரைச் சுற்றிய நீள்வட்டம். இரண்டாம் துட்மோஸ் என்ற அரசரின் கல் என்று நூறு வருடமாக அதன் அட்டை சொல்லிக்கொண்டிருந்தது.

அதைத் தூக்குவதற்கு முதல்நாள் தேநீர் நேரத்தில் டொக்டர் அந்த அரசரைப் பற்றிச் சொன்னது குறைவு. கொஞ்சக்காலம் ஆண்டார், சின்ன வயதிலேயே போய்விட்டார் என்றார். அவருடைய மனைவியைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். ஹட்செப்சுட். அரசரின் மகள், அரசரின் மனைவி. கணவர் இறந்தபோது வாரிசு இன்னொருத்தியின் குழந்தை. அந்தக் குழந்தைக்குத் துணையாக நாட்டைப் பார்க்கத் தொடங்கியவர், சில வருடங்களில் தானே அரசராக முடிசூடிக்கொண்டார். அரசி என்றல்ல, அரசர் என்றே. சிலைகளில் அரசர்களுக்குரிய பொய்த்தாடியும் கட்டிக்கொண்டார். ஏறத்தாழ இருபது வருடம் ஆண்டார். புன்ட் என்ற தூர தேசத்துக்குக் கப்பல்களை அனுப்பி, சாம்பிராணிக்குப் பிசின் தரும் மரங்களை வேரோடு கொண்டுவரச் செய்தார். வானத்தைத் தொடும் ஒற்றைக்கல் தூண்களை நிறுத்தினார். அவர் இறந்து பல வருடம் கழித்து, வளர்ந்து பேரரசராகிவிட்ட அந்தப் பிள்ளையின் ஆட்சியிலேயே அவர் பெயரைச் சுவர் சுவராகக் கொத்தி எடுத்தார்கள். எடுத்த இடத்தில் ஹட்செப்சுட்டின் தகப்பனின் பெயரையோ கணவனின் பெயரையோ வெட்டினார்கள். பின்னால் வந்த அரசர் பட்டியல்களில் அப்படி ஓர் ஆளே இல்லை.

"பிள்ளைக்கு அவவில அவ்வளவு கோபமோ டொக்டர்?" என்று கேட்டேன்.

"கோபமா, பயமா, அரசியலா, யாருக்குத் தெரியும்? இருபது வருசம் பொறுத்திருந்து செஞ்சிருக்கார். கோபம் அவ்வளவு நாள் காத்திருக்குமா?"

மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தொலைக்காட்சிக்காரர் வருவதாக ஏற்பாடு. கல் சுவரில் ஏறி நிற்பதை அவர்கள் படம் எடுக்கவேண்டும். ஒன்பதரைக்குச் சங்கிலிக் கப்பியால் தூக்கத் தொடங்கினோம். எனக்கு அப்போது தற்காலிக வேலை, ஆறு மாதத்துக்கு ஒருதரம் புதுப்பிப்பார்கள். நிரந்தரமாக்கும் நேர்முகம் அடுத்த வெள்ளிக்கிழமை. கல்லைச் சுற்றிய பட்டிகளில் இடப்பக்கத்துப் பட்டி என் பொறுப்பு. பட்டிக்கும் கல்லுக்கும் நடுவே தடித்த கம்பளித் துண்டை வைக்கவேண்டும். வைத்தேன். பட்டி இறுகிய பிறகு அந்தத் துண்டு இடத்தில் இருக்கிறதா என்று இன்னொருதரம் பார்க்கவேண்டும். அதை நான் பார்க்கவில்லை. புதிய அறைக்குப் பொறுப்பான நிர்வாகி நேரத்தைச் சொல்லிக்கொண்டு நின்றார், நான் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல் ஒரு சாண் உயரம் எழும்பியது. அப்போது நகம் முறிவது போல ஒரு சின்னச் சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது. குனிந்து பார்த்தேன். நிலத்தில் விரித்திருந்த சாம்பல்நிறப் போர்வையில், என் கால் சப்பாத்துக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு துண்டு கிடந்தது. என் பெருவிரல் நகத்தின் அளவு. மேலே பார்த்தேன். கம்பளித் துண்டு நழுவிப்போய், பட்டி எழுத்துகளின்மேல் உரசிக்கொண்டிருந்தது.

அந்தத் துண்டை எடுத்துக் கையுறைக்குள் பொத்திக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். இதை உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். என் கை தானாக மூடியது. வெள்ளிக்கிழமை நேர்முகம், வீட்டில் மனைவி, அவள் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை, எல்லாம் அந்தக் கைக்குள் இருந்தன. கல் சுவரில் ஏறிவிட்டால் அந்த எழுத்தோரத்தை அடுத்த நூறு வருடத்துக்கு யாரும் கிட்டப்போய்ப் பார்க்கப்போவதில்லை.

என்னை நிறுத்த வைத்தது நேர்மை என்று சொன்னால் பொய். எதிர்ப்பக்கத்தில் எங்கள் தலைவரின் கை இரண்டும் கல்லின் அடியில் இருந்தன. ஒரு துண்டு உடைந்தால் அடுத்ததும் உடையலாம், கல்லுக்குள் வெடிப்பு ஓடியிருக்கலாம். அந்தக் கைகளைப் பார்த்ததும் வாய் திறந்துவிட்டது. நிறுத்து என்றேன்.

எல்லாரும் நின்றார்கள். நிர்வாகி என்ன நடந்தது என்று கேட்டார். தலைவர் அவரைத் திரும்பிப் பாராமலே கதவைக் காட்டினார். நிர்வாகி போகவில்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டார். விரல் விரலாகக் கல்லை இறக்கி மரக்கட்டைகளில் இருத்தினோம். அதன்பிறகு நான் கையுறையை விரித்துக் காட்டினேன். கம்பளித் துண்டைப் பார்க்காமல் விட்டது என் பிழை என்றும் சொன்னேன்.

தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லைத்தான் பார்த்தார். நிர்வாகிக்கு முகம் சிவந்துவிட்டது. துண்டு முழுதாக இருக்கிறதே, பசை வைத்து ஒட்டிவிட்டுக் கல்லை ஏற்றுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்றார். தலைவர் ஏற்கவில்லை. நிர்வாகி என்னிடம் திரும்பி, நீதானே உடைத்தாய், நீயே வைத்து அமத்திவிடு, உன் பிழையும் அதோடு தீர்ந்துவிடும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார்.

டொக்டர் வரட்டும் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

டொக்டர் மேல்மாடியில் நடந்த கூட்டத்திலிருந்து ஓடிவந்தார். துண்டைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.  நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையைக் காட்டித் தடுத்தார்.

"அண்ணே, இது கல்லு இல்ல."

"பின்னை என்ன டொக்டர்?"

"பிளாஸ்டர். மேல சிவப்புச் சாயம் பூசியிருக்கு. யாரோ பழைய காலத்துல ஒரு குழியை அடைச்சிருக்காங்க."

அவர் முழங்காலிட்டு, சிறிய டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டார். நானும் குனிந்தேன். நீள்வட்டத்துக்கு மேலே ஒரு வாத்து வெட்டப்பட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் தாரா என்போம். அதற்கு அருகே ஒரு சூரிய வட்டம். வாத்தும் சூரியனும் சேர்ந்தால், சூரியக் கடவுள் ராவின் மகன் என்று பொருள். அரசரின் பெயருக்கு முன்னால் எப்போதும் வரும் பட்டம் அது. இதை அவர் முன்பே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார். துண்டு விழுந்த குழி வாத்தின் வாலுக்குக் கீழே இருந்தது. உடைந்த கல்லின் குழி அல்ல. ஓரம் கூர்மையாக, அடி தட்டையாக, உளியால் அளந்து வெட்டிய குழி.

"என்ன வடிவம்னு சொல்லுங்க," என்றார் டொக்டர். 

"அரை வட்டம்."

"அது ரொட்டி. எழுத்துல அது பெண்பால் விகுதி."

எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. தமிழில் அவன், அவள் என்று கடைசி மெய்யெழுத்து மாறுவது போலத்தான் அதுவும். "அப்ப இது மகன் இல்லையோ?"

"இல்ல அண்ணே," என்றார். "மகள்."

அறையில் அந்தத் தமிழ்ச் சொல்லின் பொருள் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். பெயரைக் கொத்தியவர்கள் நீள்வட்டத்துக்குள் இருந்ததை எடுத்துக் கணவனின் பெயரை வெட்டினார்கள். வாத்துக்குக் கீழே இருந்த அரை வட்டத்தை மறந்துவிட்டார்கள். அரசர் துட்மோஸ், ராவின் மகள் என்று ஒரு பொருந்தாத வரி ஏறத்தாழ மூவாயிரத்து முன்னூறு வருடம் அந்தக் கல்லில் நின்றது. பிறகு எவரோ, நூறு வருடத்துக்கு முன்போ அதற்கும் முன்போ, அதை ஒரு காயம் என்று நினைத்தோ பிழை என்று நினைத்தோ பிளாஸ்டரால் மூடிவிட்டார். யார், ஏன் என்று எந்தக் குறிப்பிலும் இல்லை.

இந்த நீள்வட்டம் மற்ற எழுத்துகளைவிட ஆழமாக இருக்கிறது என்று பல வருடத்துக்கு முன்பே ஒரு பக்கம் எழுதிவைத்ததாகவும், சான்று இல்லாததால் யாரிடமும் காட்டவில்லை என்றும் டொக்டர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

நான் என் கையுறையைப் பார்த்தேன். முதல் ஆள் உளியோடு வந்தான். இரண்டாம் ஆள் பிளாஸ்டரோடு வந்தான். மூன்றாம் ஆளாகப் பசையோடு நான் வந்திருப்பேன். அவளை ஒளித்தவர்களின் வரிசையில், காரணமே தெரியாமல், ஒரு வெள்ளிக்கிழமைக்காக. போர்வையிலேயே குந்திவிட்டேன்.

பதினொரு மணிக்குத் தொலைக்காட்சிக்காரர் வந்தார்கள். இதைவிடப் பெரிய செய்தி கிடைக்குமா என்று நிர்வாகியே இப்போது துடித்தார். டொக்டர் மறுத்துவிட்டார். நான் ஆசைப்படும் முடிவு இது, ஆகவே நான் சொன்னால் போதாது, என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இரண்டு பேர் வந்து பார்க்கட்டும் என்றார். தொலைக்காட்சிக்காரர் ஏதோ ஒரு சிலையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலை நான் கண்ட தீர்மானங்களில் அதுதான் பெரியது. என்னுடையது பயத்தில் வந்தது. அவர் கையில் வாழ்நாள் வெற்றி இருந்தும் காத்திருந்தார்.

இதனால் என் பிழை மன்னிக்கப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தலைவர் அன்று பிற்பகலே அறிக்கை எழுதி என்னிடம் வாசிக்கத் தந்தார். கம்பளித் துண்டை நான் சரிபார்க்காதது முதல் வரியில் இருந்தது. கையை மூடிவைத்திருந்த நேரமும் இருந்தது. அவர் எதிர்ப்பக்கத்தில் நின்று அதையும் கண்டிருக்கிறார். நல்ல கண்டுபிடிப்பு நடந்ததால் இந்த வரியை எடுத்துவிடலாமே என்று நிர்வாகி கேட்டபோது தலைவர், இந்தக் கல்லுக்கு முன்னால் நின்று எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள் என்றாராம். வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரமாக்கவில்லை. இன்னொரு வருடம் காத்திருந்தேன்.

அந்த மாலை வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த மனுசின்ர பேர் என்ன?"

சொல்லப் பார்த்தேன். நாக்கு இடறியது. பெயரின் நடுப்பகுதி எனக்கு வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு, புதிய அட்டையோடு அந்தக் கல் சுவருக்குப் போனது. கம்பளித் துண்டை நான் எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேன் என்று மற்றவர்கள் எண்ணிச் சிரித்தார்கள். கல் தன் இடத்தில் அமர்ந்ததும் டொக்டர் எங்களைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். வாத்து, ரொட்டி, சூரியன் என்று விரலால் தொடாமல் காட்டிக்கொண்டே வந்து, ராவின் மகள் என்று வாசித்தார். நீள்வட்டத்துக்குள் இப்போது இருப்பதை வாசிக்கவில்லை. அதற்குள் முன்பு இருந்த பெயரைச் சொன்னார். பெயரைச் சொல்ல ஆள் இருக்கும்வரை இறந்தவர் இருக்கிறார் என்பது அந்த மக்களின் நம்பிக்கையாம்.

தலைவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு தன் கிழக்கு லண்டன் நாக்கால் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். பிழை. டொக்டர் திருத்தினார். நான் சொன்னேன், அதுவும் பிழை. ஒருவர் பின் ஒருவராகச் சுவருக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் போக முன்பு குழுவில் இருந்த எங்கள் ஏழு பேருக்கும் ஹட்செப்சுட் என்று பிழையில்லாமல் சொல்ல வந்துவிட்டது.